கொலைக் கதை எழுதும் மகளை என்ன செய்வது?

கோத்தகிரியிலிருந்து வந்த அம்மா, மகளின் நாவலைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு வந்திருந்தார். ஆண் பெயரில் எழுதியிருக்கிறாள். ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடக் கேட்கிறாராம். "முதல் பக்கத்துலயே கொலைங்க சார். சொந்தக்காரங்க காதுக்குப் போனா என்ன ஆகறது? கோயமுத்தூர்ல இன்ஜினீயரிங் சேர்த்துடுன்னு எங்கண்ணன் ஒத்தக்கால்ல நிக்கிறார்."

கவலைப்படாதீங்கம்மா என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் படிப்புக்காகத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கப்போகிறோம் என்றதும் என் குரல் மாறிவிட்டது. கணக்கில் எப்படியோ கரையேறிய பெண்ணுக்காகவா? பச்சை இலை விலையை நம்பியா அந்தக் கடனை அடைப்பீர்கள்? வேண்டாம். அண்ணனா வட்டி கட்டுவார்?

'எழுத்தாளர் சுஜாதாவும் இன்ஜினீயர்தானே' என்பார் உங்கள் அண்ணன். உண்மைதான். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தார். அவர் சொந்தப் பெயர் ரங்கராஜன். பத்திரிகை உலகில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்ததால், மனைவி பெயரை எடுத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடித்திருந்தது. உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேருங்கள். செலவு சொற்பம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எழுத்தை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது. பட்டம் முடித்து ஒரு வேலை வேண்டும். அதுவரை எழுதட்டும்.

புனைபெயரையும் ஒரு தொழிலாகவே நடத்த வேண்டும். அட்டையில் எந்தப் பெயரும் இருக்கலாம். ஒப்பந்தம், பான் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றும் சொந்தப் பெயரில். 18 வயது முடியாமல் கையெழுத்து கூடாது. 'முழு உரிமை' என்று ஒற்றை வரித் தாள் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். ராயல்டி எவ்வளவு, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆண்டு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சினிமா உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புனைபெயர்ப் புத்தகத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. அதற்குள் யார் எழுதியது என்று வெளிப்படுத்திவிட்டால், ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு. அதனால் அவள் எழுதியதற்குச் சாட்சியான கையெழுத்துப் பிரதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். கதை போன வருடம் நடக்கிறது, ஆனால் இன்ஸ்பெக்டர் கொலைக்கு இன்னும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவையே சொல்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குப் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 103. அச்சுக்குப் போகுமுன் திருத்தச் சொல்ல வேண்டும்.