டெட் என்ற சொல்லில் ஒலிக்காத 'பி'

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லை டி, இ, பி, டி என்று எழுதுகிறோம். பி ஒலிப்பதில்லையே, ஏன் என்று மகள் கேட்டாள். லத்தீனிலிருந்து வந்த சொல், காலப்போக்கில் ஒலி தேய்ந்துவிட்டது என்றேன். சரிதானா? 'சின்சியர்' என்றால் மெழுகில்லாதது என்கிறார்களே, உண்மையா? லத்தீன் மூலத்தை நாமே தேட முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தையின் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் எழுதிக் கேட்டீர்களே, மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் அவளுக்குச் சொன்னது தலைகீழ். அந்த பி தேய்ந்த ஒலியல்ல, பின்னால் செருகிய எழுத்து. இடைக்கால ஆங்கிலத்தில் அச்சொல் 'டெட்டே'. பிரெஞ்சிலிருந்து வரும்போதே அதில் பி கிடையாது. லத்தீன் கற்றவர்கள் 'டெபிட்டும்' என்ற மூலம் தெரியட்டுமென்று எழுத்தில் மட்டும் சேர்த்தார்கள். 'டவுட்' கதையும் இதுவே.

மெழுகுக் கதையை விட்டுத்தள்ளுங்கள். ரோமானியருக்கு 'சின்கேருஸ்' என்றால் கலப்பற்றது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் நேரே லத்தீனுக்குத் தாவுகிறார்கள். நடுவில் பிரெஞ்சு இருப்பதை ஏன் மறக்கிறீர்கள்? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் வந்து குவிந்தவை பிரெஞ்சு வாயில் பல நூற்றாண்டு புழங்கிய சொற்கள். லத்தீன் 'செகூருஸ்' அங்கே உயிரொலிகளுக்கு நடுவிலிருந்த ககரத்தை இழந்து, ஆங்கிலத்தில் 'ஷ்யூர்' ஆயிற்று. அதே சொல்லைப் பின்னாளில் ஏட்டிலிருந்து நேராக எடுத்தபோது 'செக்யூர்', ககரம் பிழைத்துக்கொண்டது. 'ஃபிராகிலிஸ்' இப்படித்தான் 'ஃபிரெய்ல்', 'ஃபிரஜைல்' என்று இரண்டாக நிற்கிறது. மெய்யெழுத்து தொலைந்திருந்தால் வாய்வழி, முழுதாக இருந்தால் பெரும்பாலும் ஏட்டுவழி. இதைப் பார்க்காமல் மூலம் சொல்வது வெறும் ஊகம்.

இன்றைய எழுத்தையும் நம்பாதீர்கள். 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல், அதற்கும் லத்தீன் 'இன்சுலா'வுக்கும் உறவில்லை. 'இன்சுலா' வழிவந்த 'ஐல்' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு 16ஆம் நூற்றாண்டில் எஸ்ஸைச் செருகிவிட்டார்கள்.

தேடுவதென்றால், முதலில் வரலாற்று அகராதியில் சொல்லின் மிகப் பழைய எழுத்துவடிவத்தைப் பாருங்கள். பிறகு பழைய பிரெஞ்சு வடிவம். லத்தீன் கடைசியில்தான். அங்கே தலைச்சொல் எழுவாய் வடிவில் இருக்கும், பிரெஞ்சுப் பெயர்களோ பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமையிலிருந்து வந்தவை. 'நேஷன்' தேடுபவர் 'நாட்டியோ'வைப் பார்த்து, ஈற்று னகரம் எங்கே என்று திகைப்பார். பக்கத்திலேயே 'நாட்டியோனிஸ்' என்று ஆறாம் வேற்றுமை இருக்கும், அதைப் பாருங்கள். வினைக்கு நான்கு வடிவங்கள் தருவார்கள்: டெபேயோ, டெபேரே, டெபுயி, டெபிட்டும். நான்காவதுதான் உங்கள் மகள் கேட்ட சொல்லின் மூலம். 1879இல் லூயிஸ், ஷார்ட் என்ற இருவர் பெயரில் வந்த லத்தீன்-ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'டெபிட்டும்' என்று தேடி ஏமாறாமல் 'டெபேயோ' என்று தேடுங்கள்.