நீர்புகா அறைகள் இருந்தும் டைட்டானிக் ஏன் மூழ்கியது?

கப்பலின் அடிப்பகுதியைக் குறுக்குச் சுவர்களால் தடுத்துப் பிரித்தால் அதுதான் நீர்புகா அறை. ஒன்றில் தண்ணீர் ஏறினாலும் மற்றவை தப்பும். டைட்டானிக்கில் இப்படி 16 அறைகள். முன்பக்கம் நான்கு நிரம்பினாலும் மிதக்கும்.

சரி, பிறகு எங்கே கோட்டை விட்டார்கள்? 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்குப் பனிப்பாறை உரசியதில் நான்குக்கு மேற்பட்ட அறைகளில் தண்ணீர் புகுந்தது. சுவர்களோ போதிய உயரம் இல்லை. முன்பக்கம் தாழத் தாழ, மேல் வயல் நிரம்பி வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல, தண்ணீர் ஒவ்வொரு சுவராகத் தாண்டியது. 2 மணி 40 நிமிடத்தில் கப்பலே போய்விட்டது. சுமார் 1,500 உயிர்களும். இதே வடிவில் கட்டிய ஒலிம்பிக் கப்பலில் அப்புறம்தான் சுவர்களை உயர்த்தினார்கள். எவ்வளவு கொடுமை!

பனிப்பாறை பக்கவாட்டை நீளமாகக் கிழித்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள்; 1996-இல் ஒலி அலைகளால் ஆராய்ந்தபோது தெரிந்தவை ஆறு மெல்லிய பிளவுகள்தான், மொத்தப் பரப்பு சுமார் 12 சதுர அடி.