பரீட்சைன்னா வயித்தக் கலக்குது, டொக்டர் மனப்பிரமைங்கிறார். உண்மையா?

கேட்டவர் ஏ.எல்.ங்கிற உயர்தரப் பரீட்சை எழுதப் போற புள்ளையாத்தான் இருக்கணும். அந்த 'மனப்பிரமை'ங்கிற சொல்லப் பார்த்ததும் எனக்குப் பழைய கோவம் வந்துருச்சு.

நான் இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன். இணைந்த கணிதப் பேப்பர் அன்னைக்குக் காலையில ஒரு வாய் ரொட்டி எறங்கல, ஆனா பஸ் ஏறுறதுக்குள்ள மூனு தடவ எங்க லய வீட்டுக்குப் பின்னால ஓடினேன், அப்புறம் பாதி வழியில கண்டக்டர்கிட்ட கெஞ்சி எறங்கி தேயிலைக்குள்ள ஓடினது தனிக் கத. 'எஸ்'தான், வெறும் பாஸ்தான் வந்துச்சு. டிஸ்பென்சரில "பயந்தாங்கொள்ளி"ன்னு சிரிச்சுட்டு ஒரு வெள்ளக் குளிச குடுத்தாங்க. அம்மா மட்டுந்தான் திட்டாம இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ ஊத்துச்சு.

பொறகு கொழும்புல வேல செய்யிறப்ப தேடித்தேடி வாசிச்சேன். குடல் சுவருக்குள்ளயே 10 கோடிக்கு மேல நரம்பணு இருக்காம். 1899ல லண்டன்ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் நாயோட குடலுக்கு வெளியில இருந்து வர்ற நரம்ப வெட்டி விட்டுப் பார்த்தா, அப்பயும் குடல் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அமெரிக்காவுல மைக்கேல் கெர்ஷோன்னு ஒருத்தர், குடல் நரம்பு செரோடோனின்ங்கிற ரசாயனத்த தூது வேலைக்குப் பாவிக்குதுன்னு 1965ல எழுதினார், மத்த விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா ஒத்துக்கல. இத்தனைக்கும் ஒடம்புல உள்ள செரோடோனின்ல 95 வீதம் குடல்லதான் இருக்கு. அவரையே நம்பலன்னா என்னைய எங்க நம்பப் போறாங்க?

பதட்டத்துல மூளையில சுரக்குற சிஆர்எஃப்ங்கிற ரசாயனம் இரைப்பைய மெதுவாக்கும், பெருங்குடல வெரசாக்கும். யுவெட் டாஷேங்கிற விஞ்ஞானி பல வருஷம் எலிங்கள வெச்சு இதத்தான் பார்த்தாங்க. என் ரொட்டி எறங்காததும் அந்த மூனு ஓட்டமும் ஒரே கணக்குதான்.

நான் டொக்டர் இல்லைங்க, கீழ வந்து சண்டைக்கு நிக்காதீங்க. மனசுக்குப் பங்கே இல்லன்னும் சொல்லல, பிரமை இல்லன்னுதான் சொல்றேன். ரத்தம் போனாலோ, சும்மா மெலிஞ்சாலோ, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்பினாலோ இத வாசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்னொன்னு, கேக்காததுதான். அம்மாவுக்கும் வயித்துவலி இருந்துச்சு, அதுக்கும் அதே வெள்ளக் குளிசதான். எங்க தோட்டத்துல மலையில கொழுந்தெடுக்குற பொம்பளைங்களுக்கு கக்கூஸ் கெடையாது, எறங்கிப் போய் வந்தா கிலோ கொறையும், கொறஞ்சா அரைப்பேரு, அதாவது அரைநாள் சம்பளந்தான். அதனால அம்மா காலையில தண்ணியே குடிக்காது. கொழுந்து நிறுக்கிற தராச மட்டும் மலைக்கே தூக்கிட்டு வருவாங்க.