கொசு எதற்கும் பழகுவதில்லை: இயற்கைத் தேர்வு பற்றிய கேள்வி பதில்

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். இயற்கைத் தேர்வு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

சார், எங்கள் பகுதியில் எந்த மருந்து அடித்தாலும் கொசு சாவதில்லை. மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்கள். இதுதான் பரிணாமமா?

பரிணாமம்தான். 'பழகிவிட்டது' என்பதுதான் தப்பு. ஒரு கொசு உயிரோடு இருப்பதே சில வாரங்கள், அதற்குள் அது எதற்குப் பழகும்? பெரிய கொசுக்கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு, மருந்தை உடைத்துப்போடும் நொதி (உடம்புக்குள் வேதிவேலை செய்யும் புரதம்) பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மருந்து இல்லாத காலத்தில் அதனால் ஒரு லாபமும் கிடையாது. மருந்து அடித்த அன்று மற்றவை செத்து விழ, இவை போய் முட்டையிடும். அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் போகும். திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், கொஞ்ச காலத்தில் கூட்டத்தில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையாகிவிடும். தனியாக எந்தக் கொசுவும் மாறியிருக்காது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி 1940களில் புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே ஐரோப்பாவில் வீட்டு ஈக்கள் அதற்குச் சாகாமல் தப்பத் தொடங்கிவிட்டன.

இயற்கைத் தேர்வு என்பது இதுதான். இதற்குத் தேவை மூன்றுதான். கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைகளுக்குப் போக வேண்டும், அதைப் பொறுத்து யாருக்கு எத்தனை பிள்ளை தங்குகிறது என்பது கூடிக் குறைய வேண்டும். மூன்றும் இருந்தால் தேர்வு தானாக நடக்கும். தேர்ந்தெடுக்க யாரும் தேவையில்லை.

அப்படியானால் அந்த நொதி முதலில் எப்படி வந்தது? மருந்து வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியுமா?

தெரியாது. மரபுச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏவை உடம்பு நகலெடுக்கும்போது அவ்வப்போது பிழை விழும். பாடப்புத்தகத்தில் 'சடுதிமாற்றம்' என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலான பிழைகளால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, சில கெடுக்கும், எப்போதாவது ஒன்று கைகொடுக்கும். பிழை விழுவது குருட்டாம்போக்கில், ஆனால் எது தங்கும் என்பது அப்படி அல்ல. 'எல்லாம் தற்செயலாம்!' என்று கேலி பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைக் காதிலேயே வாங்குவதில்லை.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன? (பதினோரு பேர்!)

உங்கள் சித்தப்பா மகன் இருக்கும்போது நீங்களும் இருக்கிறீர்கள் அல்லவா? சிம்பன்சி நமக்குப் பங்காளி, பாட்டன் அல்ல. இரண்டு கிளைக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது.

டார்வின் கலாபகஸ் தீவில் குருவிகளின் அலகைப் பார்த்ததும் அவருக்குப் பொறிதட்டியது என்று படித்தேன். உண்மையா?

நானும் பல வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படி அல்ல. 1835இல் அங்கே இருந்த ஐந்து வாரத்தில் டார்வின் அந்தப் பறவைகளைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எது எந்தத் தீவில் பிடித்தது என்றுகூடச் சரியாகக் குறித்துவைக்கவில்லை. ஊர் திரும்பியபின், 1837 ஜனவரியில், ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் லண்டனில் அவற்றைப் பார்த்துவிட்டு, இவை எல்லாம் ஒரே குடும்பத்து ஃபிஞ்சுகள், வெவ்வேறு இனங்கள் என்றார். அப்புறம்தான் டார்வினுக்கு யோசனை ஓடியது. 1838இல் மால்தஸ் என்ற பொருளியலாளரின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தார். உணவு போதாத இடத்தில் பிறப்பவை எல்லாம் பிழைக்க முடியாது. அப்படியானால் எவை பிழைக்கும்? அந்தக் கேள்வியில்தான் பொறி தட்டியது.

அந்த அலகு மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு இருவர். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973இலிருந்து அங்கே டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவுக்குப் போய், பறவைகளுக்கு வளையம் மாட்டி, அலகை அளந்து, வருடக்கணக்கில் குறித்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகளைப் பறவைகள் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியவற்றில் முக்கியமானது ஒரு முள்விதை. அது நம் நெருஞ்சியின் நெருங்கிய சொந்தம். வெறுங்காலில் நெருஞ்சி மிதித்தவர்களுக்கு அதன் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். ஓர் இனத்தில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. பிழைத்தவற்றின் அலகுத் தடிமன் சராசரியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். அடுத்த தலைமுறைக்கும் தடித்த அலகே வந்தது. பிறகு 1983இல், பசிபிக் கடல் சூடாவதால் வரும் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. சின்ன விதைகள் பெருகின. அடுத்து வந்த வறட்சியில் சின்ன அலகுகளுக்கு யோகம். காற்று திரும்பியதும் தேர்வும் திரும்பிவிட்டது, பாருங்கள்.

வாலஸின் யோசனையை டார்வின் திருடினார் என்று ஒரு காணொலி சொல்கிறது. உங்கள் கருத்து?

இல்லை என்பதே என் தீர்ப்பு. வாலஸ் என்ற இயற்கையியலாளர் 1858இல் இன்றைய இந்தோனேசியாவில், காய்ச்சலில் கிடந்தபோது இதே கருத்தை எட்டி, கட்டுரையாக எழுதி டார்வினுக்கே அனுப்பினார். ஆனால் டார்வின் 1844லேயே 230 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். பயந்து பூட்டிவைத்தது அவர் தப்பு. இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. வாலஸிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அதுமட்டும் எனக்கு உறுத்தும். டார்வினும் அங்கே போகவில்லை. மூன்று நாள் முன்னால்தான் அவருடைய கைக்குழந்தை இறந்திருந்தது. வாலஸுக்கு மனக்கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. 1889இல் தன் புத்தகத்துக்கு 'டார்வினிசம்' என்றே பெயர் வைத்தார்.

'வலியது வாழும்' என்பதுதானே இதன் சாரம்?

இந்த மொழிபெயர்ப்பு செய்த கெடுதல் கொஞ்சமல்ல. 'survival of the fittest' என்ற மூலச் சொற்றொடரே டார்வினுடையது அல்ல, ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற தத்துவ அறிஞர் 1864இல் சொன்னது. டார்வின் பின்னாளில் எடுத்துக்கொண்டார். 'தக்கன பிழைக்கும்' என்பது பரவாயில்லை. அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்குத் தக்கது. வலிமை சில சமயம் வெறும் செலவு.

அதேபோல 'பரிணாம வளர்ச்சி'. இதில் வளர்ச்சி எங்கே வந்தது? நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது. அடுத்தவர் செரித்துவைத்த சாப்பாட்டில் முங்கிக் கிடப்பதற்குக் குடல் எதற்கு? அதுவும் பரிணாமம்தான். 'பரிணாமம்' என்றே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் புறா வளர்க்கிறவன், அண்ணே. நாங்கள் ஜோடி சேர்த்துப் புது ரகம் எடுக்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

டார்வின் உங்கள் ஆள்தான் தம்பி. வீட்டில் புறாக்கூண்டு வைத்து, லண்டன் புறாச் சங்கங்களில் சேர்ந்து, வளர்க்கிறவர்களோடு உட்கார்ந்து பேசியவர். 1859இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' முதல் அத்தியாயத்திலேயே புறாதான். கரணம் போடும் புறா, விசிறிவால் புறா என்று எல்லாமே மாடப்புறாவிலிருந்து வந்தவை. ஆனால் இவற்றைக் காட்டுப் பறவைகள் என்று சொல்லிக் காட்டினால், நிபுணர் குறைந்தது 20 தனி இனமாகவாவது பிரித்துவிடுவார் என்று எழுதினார். உங்கள் கை செய்வதைப் பஞ்சமும் பகையும் நோயும் செய்கின்றன. அவசரம் இல்லாமல், எதை எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லாமல்.

நான் நர்சிங் மாணவி. கெடுதலான மரபணுவை இயற்கை கழித்துவிடும் என்றால், அரிவாள் செல் ரத்தசோகை ஏன் இன்னும் இருக்கிறது?

வந்ததிலேயே நல்ல கேள்வி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, அதோடு கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவை வைத்து ஆண்டனி ஆலிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1954இல் இதைக் காட்டினார். இந்தியாவில் இது முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952இல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மரபணுவை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒற்றைப் பிரதியோடு பிறக்க நாலில் இரண்டு. மலேரியா குழந்தைகளைக் கொண்டுபோகும் ஊரில், அந்த இரண்டு பங்கின் லாபம் ஒரு பங்கின் நஷ்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மலேரியா போன ஊரில் லாபம் நின்றுவிடும், மரபணு உடனே போகாது. ஒற்றைப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு நோய் தெரியாததால், தேர்வின் கண்ணில் படாமலே அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டிருக்கும்.