தம்பி தரும் 1,500 ரூபாய்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் அப்பா கட்டிய வீட்டில் கீழே நானும் மாடியில் தம்பி குடும்பமும் வசிக்கிறோம். சமையல் தனித்தனி, படிக்கட்டும் வெளியே உள்ளது. மின் இணைப்பு மட்டும் ஒன்று. என்னிடம் ஒன்றரை டன் ஏ.சி., தம்பியிடம் ஒரு டன் ஏ.சி., இரண்டுமே பழையவை. 2025 கோடையில் இரண்டு மாதக் கணக்கு 1,160 யூனிட்; கட்டணம் 8,700 ரூபாயைத் தாண்டியது. தம்பி 1,500 ரூபாய் தருகிறார். சமாளிக்க முடியாமல், மாதம் 3,000 ரூபாய் கட்டி வந்த சீட்டை நிறுத்திவிட்டேன். 46,000 ரூபாய்க்கு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி.யை வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா? மச்சினர் கடன் வாங்கியாவது சோலார் போடச் சொல்கிறார். வெந்நீர் ஹீட்டரையும் மாற்ற வேண்டுமா? மாடிக்குத் தனி இணைப்பு வாங்கலாம் என்றால் அம்மா வருத்தப்படுகிறார்.

பதில்: வடிகட்டியைக் கழுவுவது, 24 டிகிரியில் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் பணத்தைத் தின்பது ஏ.சி. அல்ல, இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் ஓடுவது.

தம்பி வீட்டு ஏ.சி. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 5 யூனிட் என்றால் 60 நாளுக்கு 300. குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி, டி.வி.க்கு இன்னொரு 150. ஆக மொத்தம் 450 யூனிட். நம் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2025 கோடையில் இரண்டு மாதக் கணக்குக்கு இருந்த படிகள் இவை: முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை யூனிட்டுக்கு 5 ரூபாய்க்குள், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். தம்பியின் 450 யூனிட் உங்கள் 710 யூனிட்டின் தலைமேல் ஏறி உட்காருவதால், அது முழுவதும் விலை கூடிய படிகளில்தான் விழுகிறது. 710 யூனிட்டுக்கு மட்டும் நீங்கள் கட்டியிருக்க வேண்டியது சுமார் 3,900 ரூபாய். மீதி 4,800 ரூபாய் மாடியின் பங்கு. அதே 450 யூனிட்டுக்குத் தனி இணைப்பில் தம்பி கட்டியிருக்கக்கூடியதோ ஏறக்குறைய அந்த 1,500 ரூபாய்தான். அவர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்களும் அவரிடம் கூடுதலாகக் கேட்டுவிடவில்லை. இருவருக்கும் பயனின்றி 3,300 ரூபாய் ஒவ்வொரு கோடைக் கணக்கிலும் வீணாகிறது.

தனி இணைப்புக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ சிறிய விஷயம்போல எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு கரண்டுப் பெட்டியில்கூட ஒத்துமையா இருக்க முடியலையா" என்று அம்மா கேட்டுவிட்டாராம். அம்மாவின் அச்சம் பாகப் பிரிவினை பற்றியது, மின்சாரம் பற்றியது அல்ல. தனி மீட்டர் வைப்பதால் சொத்தில் எவருக்கும் புதிதாக உரிமை வருவதும் இல்லை, போவதும் இல்லை என்பதைத் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் தனியாகச் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும். ஒரே குடும்பம் கட்டணத்தைக் குறைப்பதற்காக இரண்டு மீட்டர் வைத்துக்கொண்டால் மின்வாரியம் ஆட்சேபிக்கும். ஆனால் தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குடும்பம் என்ற உங்கள் நிலைமை வேறு. வீட்டு வரி ரசீதையும் மற்ற உரிமையாளர்களின் சம்மதத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வைப்புத் தொகை, ஒயரிங் செலவு எல்லாம் சேர்ந்தாலும் அந்த 46,000 ரூபாயின் அருகில்கூட வராது.

இனி அந்த ஐந்து நட்சத்திரத்தைப் பார்ப்போம். கடையில் ஏ.சி.யின் முகப்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு; நாம் உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். உங்கள் பழைய ஏ.சி. இரண்டு மாதத்தில் 480 யூனிட் இழுக்கிறது, புதியது அதில் கால் பங்கைக் குறைக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 120 யூனிட், தம்பி பிரிந்த பிறகு உங்களுக்கு விழும் படியில், சுமார் 1,100 ரூபாய். ஆண்டில் இப்படி மூன்று கோடைக் கணக்குகள் வந்தால் 3,300 ரூபாய். தனி மீட்டர் ஒரே கணக்கில் மிச்சப்படுத்தும் தொகையைப் புது ஏ.சி. ஓராண்டு உழைத்துத் தருகிறது. போட்ட பணம் திரும்ப 14 ஆண்டுகள் ஆகும்; அதுவரை கம்ப்ரஸர் தாங்குமா என்பது வேறு கதை. பழையது அடியோடு நின்றுபோகும் அன்று ஐந்து நட்சத்திரம் வாங்குங்கள், கைப்பணத்தில்.

வட்டியில்லாத் தவணை என்ற பேச்சே எனக்குச் சற்று எரிச்சல் தருவது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லிவிட்டது. ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. செயலாக்கக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனியாக வரும். வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மச்சினர் சொல்லும் சோலார் மோசமான யோசனை அல்ல. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் மானியம் அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், கடன் தவணையோ காத்திருக்காது. தவிர, 1,160 யூனிட்டுக்கு அளவெடுத்துத் தகடு போட்டுவிட்டுப் பிறகு மாடியைப் பிரித்தால், யாருடைய தகடு, யாருடைய மொட்டை மாடி என்று புதிய வழக்கு தொடங்கும். முதலில் மீட்டர், பிறகு ஓராண்டுக் கணக்கு, அதன் பிறகு சோலார்.

ஹீட்டரை மாற்ற வேண்டாம். மதுரையில் மார்கழியும் தையும் போனால் அதற்கு வேலை குறைவு. தம்பியின் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால், பங்குனி முடிவதற்குள் மேல்தளத்துக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் அவருடைய ஏ.சி. திணறாது.

புதிய இணைப்பு வரும்வரை மாடிக்குப் போகும் லைனில் ஒரு துணை மீட்டர் பொருத்தி, கணக்கெடுக்கும் நாளில் அதைச் செல்பேசியில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள். அவர் யூனிட்டுக்குத் தனி இணைப்பில் ஆகக்கூடிய தொகையை அவர் தரட்டும். வீணாகும் தொகையை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியானால் இந்த முறை அவர் தர வேண்டியது 3,150 ரூபாய். அடுத்த மாதமே சீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள்.