மேடையில் ‘மைனர்’ வேண்டாம்

ஓய்வு பெறும் மேலாளரைப் பிரிவு உபசார விழாவில் ‘எங்கள் மைனர்’ என்று புகழலாமா, கலகலப்பானவர் என்ற பொருளில்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே, அவர் மனைவியும் முன்வரிசையில் இருப்பார்!

‘மைனர்’ ஆங்கிலச் சட்டச் சொல். வயது வராத ஜமீன் வாரிசைக் குறித்தது, பிறகு அப்பன் சொத்தில் ஷோக்காகத் திரியும் இளவட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. சில்க் ஜிப்பா, மேல் பொத்தான் திறந்து தெரியும் மைனர் செயின், பெண்கள் பக்கம் ஒரு பார்வை எல்லாம் அதில் அடக்கம். “என்ன மைனர், எங்க கிளம்பிட்டீங்க?” என்று டீக்கடையில் நண்பனைச் சீண்டினால் சரி.

அதற்குப் பதில் ‘வாய்ஜாலக்காரர்’ என்றால் இன்னும் மோசம், ஏமாற்றுக்காரர் வாடை அடிக்கும். ‘யாரிடமும் கலகலப்பாகப் பழகுபவர்’ என்றே சொல்லுங்கள். அப்புறம் அவர் அடித்த ஜோக் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.