டிஜிமோன் பீட்பிரேக்: ரீவியில் பார்த்து வளராத ஒரு பழைய ரசிகையின் பதில்

கேள்வி: ஜப்பான் கார்ட்டூனான டிஜிமோனின் புதுத் தொடர், டிஜிமோன் பீட்பிரேக், தொடங்கிவிட்டது. சின்ன வயதில் ரீவியில் பார்த்து வளர்ந்த உண்மையான ரசிகர்கள் மட்டும் சொல்லுங்கள், முதல் பார்வையில் எப்படி இருக்கிறது? பழசுக்குக் கிட்டவாவது வருமா?

நான் ரீவியில் பார்த்து வளரவில்லை. உங்கள் கணக்கில் நான் பதில் சொல்லக்கூடாத ஆள். ஆனால் அந்த "ரீவியில் பார்த்து வளர்ந்த உண்மையான" என்ற சொற்கள் நேற்று இரவு முழுக்க மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன. நீங்கள் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ரீவிக்கு முன்னால் போய் இருந்த பிள்ளையாக இருந்திருப்பீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: நல்லாயிருக்கிறது, பாருங்கள். முதல் மூன்று அங்கங்களை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பிறகு கதை கெட்டுப்போனால் என்னைப் பிடிக்காதீர்கள். முதல் அங்கத்தில் நடப்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

இனி என்னுடைய கதை.

2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகுதான் வன்னியில் எங்கள் விசுவமடுப் பக்கம் வீசிடி டெக் வரத் தொடங்கியது. அதற்கு முதல் பற்றரிக்கே தடை. வானொலி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் கேட்ட ஆட்கள் நாங்கள். மின்சாரம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சின்ன ஜெனரேற்றர் இருந்தது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். படம் பார்க்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும். காசு இல்லாதவர்கள் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுபோகலாம். நான் அனேகமாகப் போத்தலோடுதான் போவேன். அம்மா விளக்குக்கு வைத்திருந்ததில் எடுத்தது.

2003 இல் எனக்கு ஒன்பது வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. அந்த வீட்டுக்கார மாமா யாழ்ப்பாணம் போய் வரும்போது ஐந்து வீசிடி கொண்டுவந்தார். ஒன்றில் மூன்று அங்கப்படி, 1999 இல் வந்த முதலாவது டிஜிமோன். ஆங்கிலத்தில் பேசியது. அங்கே இருந்த இருபது பிள்ளைகளில் ஒருவருக்கும் ஆங்கிலம் விளங்காது. அண்ணாவுக்கும் விளங்காது. ஆனால் அவர் ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் குரல் மாற்றிச் சொல்லுவார். கதையில் பிள்ளைகளுக்குக் கூட்டாளியாக வருகிற விலங்குகள்தான் டிஜிமோன்கள். அதில் அகுமோனுக்கு "உடும்பன்" என்று பேர் வைத்தார். பட்டமோன் "செட்டைப் பன்றி". கபுமோன் "தோல் போர்த்த நாய்". நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இன்றைக்கும் எனக்கு அகுமோன் என்று சொல்ல ஒரு நொடி பிந்தும், உடும்பன்தான் முதலில் வரும்.

கெட்ட டிஜிமோனான டெவிமோன், பிள்ளைகள் போய்ச் சேர்ந்த தீவைத் துண்டு துண்டாக உடைத்துக் கடலில் மிதக்க விடுகிற இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அண்ணா ஒவ்வொரு துண்டுக்கும் எங்கள் ஊர்ப் பெயரை வைத்தார். "இது மல்லாவி, இது முத்தையன்கட்டு, அங்க தனியப் போறது வட்டக்கச்சி. இனி ஒருத்தரும் ஒருத்தரிட்டப் போகேலாது." இருபது பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது கற்பனைக் கதையாகவே தெரியவில்லை.

ஐந்தாவது வீசிடியில் கீறல். பதின்மூன்றாவது அங்கத்தில் பட்டமோன் முதன்முதலாக ஏஞ்செமோனாக மாறி, தன்னிடமிருந்த பலம் முழுவதையும் ஒரே அடியில் செலவழித்து டெவிமோனை அழித்துவிட்டுத் தானும் இறகு இறகாக உதிர்ந்து போகும். எங்கள் வீசிடி அந்த இறகுகளோடு நின்றுவிடும். சேட்டில் துடைத்துப் போட்டோம், வாழைப்பழத் தோலால் தேய்த்துப் போட்டோம். அதே இடம். அதற்குப் பிறகு வேறு வீசிடியும் இல்லை. நான் வீடு வரும்வரைக்கும் அழுதேன்.

அண்ணா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், நின்று சொன்னார்: "அழாத பிள்ளை. அது சாகேல்லை. முட்டையாப் போச்சு. முட்டை பொரிச்சுத் திரும்பி வரும்."

நான் நம்பினேன். அண்ணா ஒரு சிஆர் கொப்பியில் அந்த முட்டையைக் கீறியும் தந்தார். உடும்பன், செட்டைப் பன்றி எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. 2009 தையில் விசுவமடுவை விட்டு வெளிக்கிடும்போது அது வீட்டோடு போய்விட்டது.

(இந்த இடத்தில் "கார்ட்டூன் கேள்விக்கும் போரை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள்" என்று பின்னூட்டம் போட ஒருவர் வருவார். தம்பி, தங்கச்சி, நான் இழுத்து வரவில்லை. என்னுடைய ஒன்பது வயதைச் சொன்னால் அதோடு சேர்ந்து வருவது அதுதான். உங்கள் சின்ன வயதைச் சொல்லும்போது டியூசன் வகுப்பும் ஐஸ்கிறீமும் வருவது மாதிரி.)

2014 இல், பல்கலைக்கழக விடுதியில்தான் அந்தத் தொடரை ஜப்பான் மொழியில், கீழே ஓடும் எழுத்தோடு, 54 அங்கமும் முழுதாகப் பார்த்தேன். அண்ணா சொன்ன கதையில் முக்கால்வாசி அவருடைய சொந்தக் கதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பதின்மூன்றாவது அங்கத்தில் இறகுகள் உதிர்ந்து முடிய, அவை சேர்ந்து ஒரு முட்டை வந்தது. நான் போனை மடியில் வைத்துவிட்டு இருந்தேன். அறைத்தோழி பயந்துபோய் என்ன என்று கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஆள் பீட்பிரேக்கை எப்படிப் பார்த்தாள் என்றுதான் நீங்கள் வாசிக்க வேண்டும்.

போன தொடரான கோஸ்ட் கேம் 2023 பங்குனியில் முடிந்தது. இரண்டரை வருடம் ஒன்றும் இல்லை. 2025 ஒக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை இது தொடங்கியது. ஜப்பானில் காலை 9 மணிக்கு ஓடும்போது எங்களுக்கு விடியற்காலை ஐந்தரை. நான் அந்த நேரம் எழும்பித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பேன். எழுத்தோடு வந்த பிறகு பின்னேரம்தான் ஏழு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

கதை 2050 இல் நடக்கிறது. மனிதரின் எண்ணத்திலும் உணர்ச்சியிலும் இருந்து வருகிற ஈ-பல்ஸ் என்ற சக்தியில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஓடுகின்றன. அந்தக் கருவிக்குப் பேர் சப்போதாமா. ஜப்பான் மொழியில் முட்டைக்குத் தமாகோ என்பார்கள், அந்தத் "தாமா"வில் முட்டையும் ஒளிந்திருக்கிறது, ஆகவே எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். டிஜிமோன்கள் இந்த ஈ-பல்ஸைத் தின்றுதான் வளர்கின்றன. ஈ-பல்ஸ் பறிபோன மனிதர் உறைந்து போகிறார், அதைக் கோல்ட் ஹார்ட் என்கிறார்கள். தென்மா தோமோரோ என்ற பையனுக்கு இருக்கிற ஒரே துணை அண்ணன் அசுகா. முதல் அங்கத்திலேயே அந்த அண்ணன் உறைந்து போகிறான்.

எனக்கு அடுத்த ஐந்து நிமிடம் என்ன நடந்தது என்று தெரியாது. மகன்தான் "அம்மா, பல்லி வந்திட்டுது, பல்லி வந்திட்டுது" என்று என் கையைத் தட்டினான். தோமோரோவின் கூட்டாளி கெக்கோமோன். பெயரிலேயே பல்லி இருக்கிறது.

பழைய ரசிகர்கள் கனபேர் "இது டிஜிமோன் மாதிரி இல்லை" என்று எழுதுகிறார்கள். டிஜிட்டல் உலகத்துக்குப் பிள்ளைகள் விழுந்து போகவில்லை, கோடை முகாம் இல்லை, முதல் தொடரின் தொடக்கப் பாட்டைப் பாடிய வாடா கோஜியின் குரல் இல்லை என்கிறார்கள். வாடா 2016 இல் இறந்துவிட்டார், அந்தக் குரலை இனி யாரிடம் கேட்பது? மற்றக் குறைக்கு நான் சொல்வது இதுதான். 1999 இன் பிள்ளைகள் வேறு உலகத்துக்குப் போனார்கள், ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. வீட்டில் அம்மா சோறு சமைத்து வைத்திருப்பார். தோமோரோ எங்கும் போகவில்லை. வீடுதான் அவனை விட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அவன் சவஷிரோ கியோவின் குளோயிங் டோன் கூட்டத்தோடு சேர்கிறான். அவர்கள் கிளீனர்கள், பணம் அறிவிக்கப்பட்ட டிஜிமோன்களைப் பிடித்து அந்தக் காசில் சாப்பிடுகிறவர்கள். அண்ணனைத் திரும்ப எழுப்ப அவனுக்கு வேறு வழியில்லை.

டிஜிமோனைக் காசுக்கு வேட்டையாடுவது கொடுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுமைதான். ஆனால் உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலைமையில் ஒரு பிள்ளையை வைத்துக் கதை சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் கையில் அழுக்குப் படாமல் சொல்ல முடியாது. எனக்கு இந்தத் தொடரில் பிடித்ததே அதுதான்.

பசி டிஜிமோனுக்குப் புதிதும் இல்லை. 1997 இல் விளையாட்டுக் கருவியாக வந்தபோதே சாப்பாடு கொடுத்துப் பார்க்காவிட்டால் செத்துப்போகும். முதல் தொடரில் அகுமோனின் கூட்டாளிப் பையன் தைச்சி அவசரப்பட்டு அகுமோனுக்கு மேலும் மேலும் தின்னக் கொடுத்து, அது எலும்புக்கூடாக ஸ்கல்கிரேமோனாக மாறிய இடம் இருக்கிறது. கூட்டாளியை வளர்ப்பது என்றால் தன்னிடம் இருப்பதில் ஒரு பங்கு கொடுப்பது. பீட்பிரேக் அதை உணர்ச்சியிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறது: உன் கோபம், உன் பயம், அதுதான் அதன் சாப்பாடு.

குறையும் உண்டு. முதல் அங்கத்தில் புதுச் சொற்கள் அள்ளிக் கொட்டுகிறார்கள், நான் இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தேன். குளோயிங் டோனில் இருக்கிற ரெய்னாவும் மகோதோவும் இன்னும் மனதில் நிற்கவில்லை. கியோவின் டிஜிமோன் முரசமேமோன் வாளோடு நல்ல எடுப்பாக இருக்கிறது, மற்ற இருவரின் பிரிஸ்டிமோனையும் கிரொப்மோனையும் பற்றி இப்போது சொல்ல ஒன்றுமில்லை. இயக்குநர் மியமோதோ ஹிரோவாகி. சண்டையைவிட முகங்களில் அவர் நேரம் எடுப்பது எனக்குத் திருப்தி.

தமிழ் எழுத்தோடு வராதது பெரிய குறை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அங்கம் பார்க்கும்போது டேட்டா நின்றுவிட்டது. மாதப் பொதி போட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். வந்தவர் சிங்களத்தில் கதைத்தார். நான் தமிழ் என்று சொல்ல, பொறுங்கள் என்றார், லைன் வெட்டுப்பட்டது. மூன்று தரம். என்னுடைய அம்மா மாதிரி ஒரு ஆள் எடுத்தால் என்ன செய்வார்? தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியல் யாப்பைத் திருத்தி எழுதினார்கள். ஒரு தனியார் கொம்பனி என்னிடம் வாங்குகிற காசுக்காவது என் மொழியில் ஒரு வார்த்தை சொல்லலாம். அன்றைக்கு மகனுக்கு மீதிக் கதையை நானே சொன்னேன், படம் இல்லாமல். குரல் மாற்றிச் சொன்னேன். அண்ணா அளவுக்கு வரவில்லை.

அண்ணா 2011 இல் பிரான்ஸ் போனவர். சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை. முதல் வருடங்களில் ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பார். பிறகு மாதம் ஒன்று. பிறகு அம்மாவுக்குக் காசு போட்டால் "போட்டிருக்கு" என்று ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் "வேலை" என்பார். நான் குறை சொல்லவில்லை, அவர் அனுப்பிய காசில்தான் நான் படித்தேன்.

மூன்றாவது அங்கம் பார்த்த இரவு நானே எடுத்தேன். அங்கே வேலை முடிகிற நேரம் பார்த்து, இங்கே விடியப் போகிற நேரம்.

"என்ன பிள்ளை, அம்மாவுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை அண்ணா. நீங்கள் படம் சொல்லுவீங்களே, உடும்பன் வாற படம், ஞாபகமிருக்கோ?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "செட்டைப் பன்றி," என்றார்.

கேட்க வேண்டும் என்று பதினொரு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன். முட்டையாகப் போகும் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும், வேறெங்காவது பார்த்திருந்தாரா என்று.

"எங்க பாக்கிறது? நீ அழுதாய். அதுதான் சொன்னன்."

உண்மையிலேயே முட்டை வந்தது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்லவைத்தார். பிறகு புதுப் படத்தில் என்ன கதை என்று கேட்டார். பல்லியைச் சொன்னேன், தோமோரோவைச் சொன்னேன், அண்ணன்காரன் உறைந்து கிடப்பதைச் சொன்னேன்.

"இப்ப எழும்பிட்டானோ?"

"இல்லை அண்ணா. மூண்டு அங்கம்தான் வந்திருக்கு."

"எழும்புவான்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை," என்றார்.